குறுகிப் பிறந்த கதவு

நம் இருதயத்தின் வலப்பக்கத்துக் கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் வழியிலே ஒரு சிறு கதவு உண்டு. மெல்லிய மூன்று இதழ்களாலான அதனை நுரையீரல் வால்வு என்கிறோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை அது திறந்து மூடுகின்றது. தாய் வயிற்றிலேயே சிலருக்கு இவ்விதழ்கள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு விடுகின்றன. அப்போது இரத்தம் நடுவிலுள்ள சிறு துவாரத்தின் வழியே பீறிட்டுப் பாய்கிறது. அதனால் எழும் ஓசையை நான் முதன்முதலில் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டபோது கொல்லன் துருத்திதான் நினைவுக்கு வந்தது.

ஓசை கேட்டதுமே அஞ்ச வேண்டுவதில்லை. வால்வின் இருபுறத்திலும் உள்ள அழுத்த வேற்றுமையை எகோ என்னும் ஒலியலைச் சோதனையால் அளக்கிறோம். அது 36 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் குறைந்தால் அடைப்பு லேசானது. கைக்குழந்தைகளுக்கு மட்டும் அது விரைவில் கூடக்கூடுமாதலால் அடிக்கடி பார்க்க வேண்டும். வளர்ந்த பிள்ளைகளோ தாராளமாக ஓடி விளையாடலாம். அவர்களை மைதானத்தின் ஓரத்தில் உட்கார்த்தி வைப்பது வீண் கொடுமை. அளவு 64க்கு மேற்பட்டால் கடுமையான அடைப்பு; வலது அறையின் தசை தடித்து, நாளடைவில் தளர்ந்துவிடும்.

1947, 1948ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகரில் ஹோம்ஸ் செல்லர்ஸ், ரஸ்ஸல் பிராக் என்னும் இரு அறுவை வைத்தியர்கள், துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்துள் கத்தியைச் செலுத்தி இவ்வொட்டினைப் பிரித்தார்கள். எத்துணைத் துணிவு! 1982இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜீன் கான் அம்மையாரும் அவருடைய தோழர்களும் எளிய வழியொன்றை வெளியிட்டனர். தொடையிலுள்ள சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை வால்வுக்குள் விரியச் செய்தால், ஒட்டிய ஓரங்கள் பிரிகின்றன. மார்பைப் பிளக்க வேண்டுவதில்லை.

ஆனால் இதழ்கள் எப்போதும் செவ்வையாகப் பிரியும் என்பதற்கில்லை. கதவு திறந்தபின் சிறிது கசியவும் செய்யும். பெரும்பாலோருக்கு அதனால் துன்பமில்லை. சிலருக்குப் பல்லாண்டு கழித்து வலது அறை பருத்துவிடுகிறது. இதை நான் விளக்காமல் விட்டதுண்டு. பலூன் சிகிச்சை முடிந்த ஒரு வயதுக் குழந்தையின் தாயிடம், "இனிக் கவலையில்லை, அம்மா" என்றேன். அவர் அதை அப்படியே நம்பினார். அப்பிள்ளை தன் 21ஆம் வயதில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்று வந்தான். வால்வு பெரிதும் கசிந்துகொண்டிருந்தது. புதிய வால்வு பொருத்த நேர்ந்தது. "வரச் சொல்லியிருந்தால் வந்திருப்பேனே, ஐயா" என்றான். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அன்றுமுதல் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சோதனை விவரங்களை எழுதிக் கொடுத்து, அடுத்து வரவேண்டிய மாதத்தையும் குறித்து அனுப்புகிறேன். உங்களில் எவருக்கேனும் சிறு வயதில் இத்தகைய சிகிச்சை நடந்திருக்கலாம், நினைவும் இராது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அம்மாவைக் கேளுங்கள். பெட்டியின் அடியில் அந்தப் பழைய காகிதம் இன்னும் இருக்கக்கூடும்.