102 செ.மீ. உயரம் இல்லையா? சிங்கப்பூர் போயும் சவாரி கிடையாது!

தூத்துக்குடி:
கடன் வாங்கியாவது பிள்ளையைச் சிங்கப்பூர் கூட்டிப்போய் ராட்டினம் ஏற்றத் துடிக்கும் பெற்றோர் முதலில் எடுக்க வேண்டியது டிக்கெட் அல்ல, இஞ்ச் டேப்!

செந்தோசா தீவில் யுனிவர்சல் ஸ்டூடியோ 2010-ல் திறக்கப்பட்டது. அங்கே 'டிரான்ஸ்பார்மர்ஸ்' சவாரிக்குக் குறைந்தது 102 செ.மீ. உயரம் வேண்டும். 'மம்மி'க்கு 122 செ.மீ. 4 வயது நிரம்பாத பிள்ளைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 4 வயது ஆகிவிட்டால் டிக்கெட் உண்டு. ஆனால் நம்மூர் 4 வயசுப் பிள்ளைகளில் பலர் 102-ஐத் தொடுவதில்லை. ஆகக் காசையும் கட்டி, சவாரி வாசலில் பிள்ளையை அழவும் விடலாம்! "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று கெஞ்சினால் நடக்காது. வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்து பாருங்கள். எட்டவில்லையா? இன்னொரு வருஷம் பொறுக்கலாம்.

அடுத்தது பாஸ்போர்ட். கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும், விசாவும் தனி. பெற்றோர் இருவர் சம்மதமும் கேட்பார்கள். தகப்பனார் கப்பலில் இருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு தேவை. சிறுவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் 5 வருஷம்தான். பயணத்தின்போது 6 மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு (சமஸ்தானப் புதுக்கோட்டை அல்ல, நம்ம தூத்துக்குடி புதுக்கோட்டை) வாகைக்குளம் விமான நிலையம் கூப்பிடு தூரம். ஆனால் அங்கே உள்நாட்டு விமானம்தான். சிங்கப்பூருக்குத் திருச்சியோ சென்னையோ போய் ஏறலாம்.

இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசு தளத்தில் இது இலவசம். யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் பிள்ளையின் பையைக் கொட்டிப் பாருங்கள். சூயிங்கம் இருந்தால் வெளியே எடுங்கள். 1992 முதல் அதற்கு அங்கே தடை!