கம்மி செலவில் மாலத்தீவு... ராட்சத சுறாவுடன் நீச்சல்! பார்க்கலாம், தொடக்கூடாது!

மாலத்தீவு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமா நட்சத்திரங்கள் தேனிலவு போகிற இடம். கடலுக்கு நடுவில் தூண் மேல் கட்டிய குடில். ஒரு ராத்திரி வாடகையைக் கேட்டாலே தலை சுத்தும். 'நமக்கு எதுக்குய்யா அதெல்லாம்' என்று பக்கத்தைத் திருப்பி விடுவோம்.

ஆனால் தூத்துக்குடிக்காரர்களுக்கு மாலத்தீவு அப்படி ஒன்றும் தூரத்து ஊர் அல்ல. தோணியில் காய்கறி, மளிகை, கட்டுமானச் சாமான் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய ஊர்தான் அது. தென்மாவட்டத்தில் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடுக்கு பேர் போன இடமும் அதுதான். அங்கே படகுக்குப் பெயரே 'தோனி'. திருவனந்தபுரத்தில் இருந்து தலைநகர் மாலே சுமார் 600 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சென்னையில் இருந்து திருநெல்வேலி போகிற தூரம்!

அந்தக் கடலில்தான் உலகத்திலேயே பெரிய மீனான திமிங்கலச் சுறா சுத்துகிறது. அதன் பக்கத்தில் நீந்த கோடீஸ்வரனாக இருக்கத் தேவையில்லை. எப்படி என்று பார்ப்போம். கூடவே, அந்த சவாரியால் சுறாவுக்கு வரும் ஆபத்தையும் சொல்லி விடுகிறோம்.

2009-ல் திறந்த கதவு

மாலத்தீவில் 1,190-க்கும் மேல் தீவுகள். மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். 1972-ல் முதல் சொகுசு விடுதி வந்தது. அதன் பிறகு பல வருஷம், சுற்றுலா என்றாலே தனித்தீவு சொகுசு விடுதிதான். உள்ளூர் மக்கள் வாழும் தீவு வேறு, வெள்ளைக்காரர் தங்கும் தீவு வேறு.

2009-ல் விதி மாறியது. மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதி நடத்தலாம் என்று அரசு அனுமதித்தது. அவ்வளவுதான்... மீன்பிடிக் குடும்பங்கள் மாடியில் நாலு அறை கட்டி ஏ.சி. மாட்டி வாடகைக்கு விட ஆரம்பித்தன. சொகுசு விடுதியில் ஒரு ராத்திரிக்கு கேட்கிற காசில், இங்கே பல நாள் தங்கலாம்.

சாப்பாடும் நம்ம நாக்குக்கு அந்நியம் இல்லை. காலையில் 'மாஸ் ஹுனி' என்று ஒன்று தருவார்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் சேர்த்துப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள 'ரொஷி'. நம்ம சப்பாத்திக்கு தம்பி!

எந்தத் தீவுக்குப் போகணும்?

கம்மி செலவு என்றதும் பலர் மாஃபுஷி தீவுக்குப் போவார்கள். மாலேவுக்குப் பக்கம், விடுதிகளும் அதிகம். ஆனால் திமிங்கலச் சுறாதான் குறி என்றால் தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்துக்குப் போகணும். அங்கே திகுரா, தங்கேதி, மாமிகிலி என்று மக்கள் வாழும் தீவுகள் இருக்கின்றன. மாலேவில் இருந்து திகுரா சுமார் 100 கிலோமீட்டர். வேகப் படகில் ஏறக்குறைய 2 மணி நேரம். மாமிகிலியில் சின்ன விமான நிலையமே உண்டு.

இந்த இடத்துக்கு ஒரு விசேஷம். திமிங்கலச் சுறா வருஷம் பூராவும் தென்படுகிற, உலகத்திலேயே வெகுசில இடங்களில் இதுவும் ஒன்று. 2009-ல் இங்கே 42 சதுர கிலோமீட்டர் கடலை பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள்.

பேர்தான் சுறா... குணம் பசு!

திமிங்கலச் சுறா என்று பெயர் இருந்தாலும் இது திமிங்கலம் இல்லை. செவுளால் மூச்சு விடும் அசல் மீன். நன்றாக வளர்ந்தால் 18 மீட்டர் வரை போகும். அதாவது ஒரு பஸ்ஸை விட நீளம்! தெற்கு அரியில் பார்ப்பது பெரும்பாலும் 5 முதல் 7 மீட்டர் வரை உள்ள, இன்னும் பருவத்துக்கு வராத ஆண் சுறாக்கள்.

வாய் ஒன்றரை மீட்டர் அகலம் திறக்கும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பிடுவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத மிதவை உயிரிகள், பொடி மீன், இறால் குஞ்சு, மீன் முட்டை இவ்வளவுதான். தண்ணீரை அப்படியே உள்ளே இழுத்து, சல்லடை மாதிரி வடிகட்டி, செவுள் வழியாக வெளியே விட்டு விடும். மனுஷனைக் கடித்துத் தின்பதற்கு அதனால் முடியாது.

முதுகில் வெள்ளைப் புள்ளி கோலம் போட்ட மாதிரி இருக்கும். நம்ம கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் அந்தப் புள்ளி வேற வேற. செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகளைப் போட்டோ எடுத்து 'இது போன வருஷம் வந்த ஆள்தான்' என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்து விடுவார்கள். வானத்து நட்சத்திரக் கூட்டத்தை அடையாளம் காண விஞ்ஞானிகள் வைத்திருந்த கணக்கு முறையைத்தான் இதற்கும் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

சவாரி எப்படி இருக்கும்?

காலையில் படகில் ஏற்றுவார்கள். பவளப்பாறை ஓரமாக மெதுவாகப் போகும். மேல்தளத்தில் ஒருத்தர் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வருவார். கருப்பாகப் பெரிய நிழல் தெரிந்தால் குரல் கொடுப்பார். கண்ணாடி, மூச்சுக்குழாய், துடுப்பு செருப்பு மாட்டிக்கொண்டு எல்லோரும் இறங்க வேண்டியதுதான்.

சில நாள் பத்து நிமிஷத்தில் சிக்கும். சில நாள் அரை நாள் சுத்தினாலும் ஒன்றும் வராது. 'காசு கொடுத்தேனே' என்று சண்டை போட முடியாது. அது கடல், மிருகக்காட்சி சாலை இல்லை. பணம் கட்டும் முன்பே இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று நாள் தங்குகிற மாதிரி போங்கள்.

சுறா முதுகில் வெட்டுக்காயம்

இப்போது அந்த ஆபத்துக்கு வருவோம். தெற்கு அரியில் பல சுறாக்களின் உடம்பில் வெட்டுத் தழும்பு இருக்கிறது. துடுப்பு அறுந்த சுறாக்களும் உண்டு. காரணம் வேறு யாரும் இல்லை, படகின் புரொப்பல்லர்தான்.

இந்த மீன் தண்ணீருக்கு மேல்மட்டத்தில் மெதுவாக மிதந்து போகும். குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விட்டு வந்து, மேலே உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம். அந்த நேரத்தில் வேகப் படகு வந்தால் சட்டென்று விலகத் தெரியாது. தோல் 10 சென்டிமீட்டர் வரை தடிப்பு. அந்தத் தோலையே கிழிக்கிறது என்றால் அடி எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

ஒரு சுறா தெரிந்தால் அஞ்சாறு படகு ஒரே நேரத்தில் ஓடி வரும். 'நான் முந்தி, நீ முந்தி' என்று போட்டி. படகுக்காரரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. 'சீக்கிரம் போங்க, பக்கத்துல போங்க' என்று பின்னால் இருந்து அவசரப்படுத்துவது யார்? காசு கொடுத்த நாம்தான்!

இந்த இனம் ஏற்கெனவே அழியும் ஆபத்தில் இருக்கிறது. 2016-ல் சர்வதேச இயற்கை பாதுகாப்பு ஒன்றியம் அப்படித்தான் பட்டியலில் சேர்த்தது. குட்டி வளர்ந்து பருவத்துக்கு வரவே 25 வருஷத்துக்கு மேல் ஆகலாம். இன்று அடிபடுகிற இளசு ஒன்று செத்தால், அந்த இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை வேண்டும்.

இரை போட்டு வரவழைப்பது சரியா?

'கண்டிப்பாகக் காட்டுவோம்' என்கிற இடமும் உலகத்தில் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் செபு தீவில் ஓஸ்லோப் என்ற ஊர். 2011 வாக்கில் இருந்து அங்கே மீனவர்கள் பொடி இறாலைத் தண்ணீரில் போட்டு திமிங்கலச் சுறாவை வரவழைக்கிறார்கள். கூட்டம் அலைமோதியது, ஊருக்கும் நல்ல வருமானம்.

ஆனால் ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். இரைக்குப் பழகிய சுறா அங்கேயே தங்கி விடுகிறது. படகைப் பார்த்தால் சோறு வருகிறது என்று நினைத்து கிட்டே வருகிறது. படகில் உரசி காயம் படுகிறது. அதே நாட்டில் டோன்சோல் என்ற ஊரில் இரை போடுவது கிடையாது. வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் திரும்ப வேண்டியதுதான். இரண்டில் எது நேர்மையான வியாபாரம் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

ராட்சத திருக்கையும் உண்டு

மாலத்தீவில் இன்னொரு அதிசயம் பா பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடா. ஜூன் முதல் நவம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காத்து சமயத்தில், நீரோட்டம் மிதவை உயிரிகளை இந்தச் சின்ன விரிகுடாவுக்குள் தள்ளி விடும். பந்தி போட்ட மாதிரி மாண்டா திருக்கைகள் கூட்டமாக வந்து வாயைத் திறந்தபடி வட்டம் போடும். இறக்கை 3 மீட்டருக்கு மேல் விரியும். வாலில் விஷ முள் கிடையாது.

இந்தப் பகுதியை 2011-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. கட்டுப்பாடு கறார்: காற்று சிலிண்டர் கட்டி முங்கக் கூடாது, மூச்சுக்குழாய் மட்டும்தான். ஒரு குழுவுக்கு 45 நிமிஷம். படகு எண்ணிக்கைக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு. மேற்பார்வைக்கு காவலர்கள். கம்மி செலவில் தங்க, பக்கத்தில் தரவந்தூ தீவு இருக்கிறது.

தண்ணியில் இறங்கினால்...

* சுறாவின் உடம்பில் இருந்து 3 மீட்டர், வாலில் இருந்து 4 மீட்டர் தள்ளியே இருங்கள். வால் அடித்தால் எலும்பு தாங்காது.
* தொடவே கூடாது. முதுகில் ஏறி போட்டோ எடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.
* முன்னால் போய் வழியை மறிக்காதீர்கள். பக்கவாட்டில் நீந்துங்கள்.
* பிளாஷ் போட்டு போட்டோ எடுக்காதீர்கள்.
* தொபீர் என்று குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள். சத்தம் கேட்டால் ஆழத்துக்குப் போய்விடும்.

உங்க உயிரும் முக்கியம். இது கிணத்து நீச்சல் இல்லை, ஆழ்கடல். நீரோட்டம் இழுக்கும். நீச்சல் சரியாகத் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கக் கூடாது. இதய நோய், ஆஸ்துமா இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மூச்சுக்குழாய் போட்டுப் பழக்கம் இல்லை என்றால் முதல் நாள் கரையோரத்தில் பழகுங்கள். ஜோடியாகவே நீந்துங்கள். படகில் ஏணி, லைஃப் ஜாக்கெட், கூடவே இறங்கும் வழிகாட்டி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

பர்ஸைக் கடிக்கும் சங்கதிகள்

இந்தியர்களுக்கு மாலத்தீவில் இறங்கியதும் விசா இலவசம். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு கையில் இருக்கணும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணி விவரப் படிவம் பூர்த்தி செய்யணும். அதுவும் இலவசம்தான். காசு கேட்கும் போலி தளங்களிடம் ஏமாறாதீர்கள்.

அறை வாடகை போக, வரி தனி. 50 அறை வரை உள்ள சிறிய விடுதி என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் பசுமை வரி. இது 2025 ஜனவரி முதல் உள்ள கணக்கு. விற்பனை வரி, சேவைக் கட்டணம் வேறு. விலை கேட்கும்போதே 'எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு?' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

படகுதான் பெரிய செலவு. அரசு ஃபெர்ரியில் போனால் சில டாலர்தான், ஆனால் மெதுவாகப் போகும், தினமும் இருக்காது. வெள்ளிக்கிழமை பொதுவாக ஓடாது. இதைப் பார்க்காமல் விமான டிக்கெட் எடுத்தவர்கள் வேகப் படகுக்குக் காசு அழ வேண்டி வரும்.

சட்டமும் கறார். முஸ்லிம் நாடு. மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. பெட்டியில் பாட்டில், பன்றி இறைச்சி, வழிபாட்டு விக்கிரகம் கொண்டு போகக் கூடாது. பையில் சின்ன சாமி சிலை வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்ம ஆட்களுக்கு உண்டு, அதை வீட்டிலேயே வைத்து விட்டுப் போங்கள். நீச்சல் உடைக்கு என்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். மற்ற இடங்களில் தோள், முட்டி மூடிய உடைதான்.

ஈரல் எண்ணெயில் இருந்து இன்று வரை

ஒரு காலத்தில் மாலத்தீவு மீனவர்கள் திமிங்கலச் சுறாவை வேட்டையாடினார்கள். அதன் ஈரலில் எடுத்த எண்ணெயை மரப்படகுக்குப் பூசுவார்கள். 1995-ல் அந்த வேட்டைக்குத் தடை வந்தது. 2010-ல் எல்லா வகை சுறா பிடிப்புக்கும் தடை போட்டார்கள். இன்று அதே தீவு மக்களுக்கு உயிரோடு நீந்துகிற சுறாதான் சோறு போடுகிறது.

நம்ம மன்னார் வளைகுடாவிலும் திமிங்கலச் சுறா வலையில் சிக்குவது உண்டு. இந்தியாவில் 2001 முதல் இதைப் பிடிப்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிக்கினால் திரும்ப கடலில் விட்டு விட வேண்டும்.

சீட்டுப் பணமோ, ஓவர்டைம் காசோ சேர்த்து வைத்து நீங்களும் ஒருநாள் திகுராவுக்குப் போகலாம். அந்தப் பெரிய நிழல் தெரியும்போது படகுக்காரரிடம் 'அண்ணே, மெதுவாப் போங்க' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டால் கையைக் காட்டினாலே புரியும். அந்தப் படகில் காசு கொடுத்தவர் நீங்கள். உங்க பேச்சுக்கு மரியாதை இருக்கும்!