போனுக்குள் போட்ட கரிக்கோடு

கேள்வி சானமாவிலிருந்து வந்தது. ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பி. "சார், அப்டேட் பண்ணதுல இருந்து போன் சூடாகுது, மத்தியானத்துக்கே சார்ஜ் தீருது. பழைய வெர்ஷன் போட்டா சரியாகும்னு வீடியோ பார்த்து, ரூட் பண்ணி டவுன்கிரேடும் பண்ணேன். பாதியில ஆஃப் ஆயிடுச்சு. இப்ப சார்ஜ் போட்டா லைட்டுகூட எரியல. கம்ப்யூட்டர்ல சொருகினா 'டிங்'னு ஒரு சத்தம், அவ்ளோதான். கடைக்காரர் போர்டு போச்சுங்கறார். நெஜமாவா?"

போன் எந்தக் கம்பெனி என்பது நமக்கு வேண்டாம். பதில் அந்த 'டிங்'கிலேயே இருக்கிறது. செத்த போர்டு சத்தம் போடாது. கம்ப்யூட்டரின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து என்ன பெயர் வருகிறது என்று பார்க்கச் சொன்னேன். 'குவால்காம்' என்று தொடங்கி 9008 என்று முடிகிறதாம். சிப்பை வார்க்கும்போதே உள்ளே பதித்துவிட்ட ஆதி நிரல் ஒன்று உண்டு. யாராலும் திருத்த முடியாதது. அது விழித்துக்கொண்டு, "நீ கொடுத்ததை ஓட்ட மாட்டேன், வேறு கொண்டா" என்று உட்கார்ந்திருக்கும் நிலைக்குத்தான் 9008 என்று பெயர். போன் கோமாவில்கூட இல்லை, கோபத்தில் இருக்கிறது.

ரூட் செய்வதைப் பற்றி, அதாவது போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுப்பதைப் பற்றி, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரூட் செய்ய உதவும் மேஜிஸ்க் செயலியைப் போட்டபின் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், திருத்திய பூட் கோப்பும் போனில் இருக்கும் பதிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். அதே பதிப்பின் அசல் பூட் கோப்பை ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். டேட்டாவை அழிக்காமல் பழைய பதிப்புக்கு இறங்கினால், பூட்டுச் சாவிகள் புதிய பதிப்போடு கட்டப்பட்டிருப்பதால் பழையது அவற்றைத் தொட முடியாமல் திணறும். மாற்றிய சாஃப்ட்வேரை உள்ளே வைத்துக்கொண்டே பூட்லோடரை (போனை எழுப்பும் நிரலை) திரும்பப் பூட்டுகிறவர்களுக்கு என்னிடம் அனுதாபம் மட்டும் உண்டு. இவையெல்லாம் சாஃப்ட்வேர் சண்டைகள். தம்பிக்கு நடந்தது வேறு. அதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

போனை முழுசாகத் துடைத்தாலும், மெமரியில் ஒரு பிட் மிச்சமில்லாமல் அழித்தாலும், தான் ஏற்கெனவே எந்தப் பதிப்பு வரை ஏறியது என்பது அதற்குத் தெரியும். எப்படி? பதில் மெமரியில் இல்லை, பிராசஸர் சிப்புக்குள் இருக்கிறது. ஈ-ஃப்யூஸ் என்று பெயர். பால்காரர் சுவரில் போடும் கரிக்கோடு மாதிரி வரிசையாகச் சில ஃப்யூஸ்கள். பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்த பதிப்பு வந்தால் ஒரு ஃப்யூஸ் எரிக்கப்படும். மூன்று எரிந்திருந்தால், 'மூன்றுக்குக் குறைந்த எதையும் ஓட்டாதே' என்று பொருள். கூட்டலாம், கழிக்க முடியாது. கரிக்கோட்டையாவது வெள்ளையடித்து மறைக்கலாம்.

'எரிப்பது' என்பது பழக்கத்தில் வந்த சொல். வீட்டு ஃப்யூஸ் மாதிரி இது உருகி அறுவதில்லை. பாலிசிலிக்கான் பட்டை ஒன்று. அதன்மேல் சிலிசைடு என்ற உலோகச் சேர்மம் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். மின்சாரம் அந்தத் தோல் வழியாகத்தான் சுகமாக ஓடுகிறது. பட்டையின் நடுவில் வேண்டுமென்றே ஒரு குறுகல் வைத்திருக்கிறார்கள். சில மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை மைக்ரோ வினாடிக் கணக்கில் பாய்ச்சினால், அந்தக் குறுகலில் எலக்ட்ரான்கள் முட்டி மோதி உலோக அணுக்களைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு முனையில் குவித்துவிடும். தோல் உரிந்துபோகும். மிஞ்சுவது மின்சாரம் சரியாக ஓடாத பாலிசிலிக்கான். சில நூறு ஓமாக இருந்த தடை பல ஆயிரமாக ஏறும். படித்துப் பார்க்கும் சுற்றுக்கு அது '1'.

சானமாவுக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மழைக்காலம் முடிந்ததும் கர்நாடகக் காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் சானமாவுக்கு வருகின்றன, கேழ்வரகு முற்றும் நேரமாகப் பார்த்து. அகலமான கொல்லையில் கூட்டம் பரவி நடந்தால் அங்கங்கே நாலு தட்டை சாயும். அதே கூட்டம் இரண்டு வேலிக்கு நடுவே ஒரு சந்தில் நுழைந்தால் புல் பூண்டு மிஞ்சாது. யானை அதேதான், வழி குறுகினால் மிதி கூடுகிறது. ஈ-ஃப்யூஸ் அந்தச் சந்து. என்ன, எடைக்கணக்கு மட்டும் தலைகீழ். சிலிசைடில் இருக்கும் கோபால்ட் அணு எலக்ட்ரானைப்போல ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு கனம். யானை மிதித்துக் கேழ்வரகு சாய்வதற்குப் பதில், கேழ்வரகு மணிகள் கோடிக்கணக்கில் வந்து மோதி யானையை நகர்த்துகின்றன. இன்னும் ஓர் இடத்திலும் உவமை நொண்டுகிறது. வனத்துறையினர் பட்டாசு வெடித்து யானைகளை எல்லைக்கு அப்பால் விரட்டினால் அவை போகின்றன, பிறகு திரும்பியும் வருகின்றன. நகர்ந்த அணு வராது. மின்சாரத்தைத் திருப்பிப் பாய்ச்சினால் என்ன என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். எரிக்கும் ட்ரான்சிஸ்டர் ஒரு திசைக்கென்றே கட்டப்பட்டது. வீட்டில் செய்கிறபடி ஓர் இழைக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றலாம் என்றால், அந்தச் சந்தின் அகலம் நானோமீட்டரில்; அதன் தலைக்குமேல் பல அடுக்கு உலோகக் கம்பிகள்.

கொஞ்சம் வரலாறும் சொல்லவேண்டும். மின்னோட்டம் அணுக்களை நகர்த்துவது 1960-களில் சிப் செய்பவர்களுக்குப் பெரிய தலைவலி. கம்பிகள் தாமே தேய்ந்து அறுந்தன. அந்த நோயையே மருந்தாக்கி, சிலிசைடு ஃப்யூஸ் பற்றி 2002-ல் ஐபிஎம்மிலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. எழுதியவர்கள் கோதண்டராமன், ஐயர், இன்னொரு ஐயர். முதலில் மயிலாப்பூர்க் கச்சேரி அழைப்பிதழ் என்றே நினைத்தேன். 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியே பழைய பதிப்புக்கு இறங்காமலிருக்க இந்த ஃப்யூஸ்களை வைத்துக்கொண்டது. ரூட்டின் கதை இதைவிட வேடிக்கை. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1-ல், விசைப்பலகையில் எதை அடித்தாலும் அது பின்னணியில் ரூட் அதிகாரத்தோடு கட்டளையாகவும் ஓடியது. நண்பருக்கு 'ரீபூட்' என்று சேதி அடித்தால் போன் அணைந்து எழுந்தது.

இங்கே பார்த்த உதாரணம் 2018-ல். அந்தப் பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ரெட்மி நோட் 5 ப்ரோவை, அதன் சாஃப்ட்வேரான மியுஐ-யின் 10-ஆம் பதிப்புக்கு ஏற்றிவிட்டு, பிடிக்காமல் 9-க்கு இறக்கப் பார்த்தவர்கள் பலரின் போன் செங்கல்லாயிற்று. 9008 நிலையிலிருந்து அதை எழுப்பவும் கம்பெனி அனுமதித்த கணக்கு வேண்டியிருந்தது. கூகுள் 2022 ஆகஸ்டில் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 கொடுத்தபோது, இனி 12-க்குத் திரும்ப முடியாது என்று முன்கூட்டியே எழுதிவைத்தது. அதிலும் ஒரு கண்ணி: அந்தப் போனில் சாஃப்ட்வேருக்கு இரண்டு அறைகள். ஓர் அறையில் 13 ஏறியிருக்கும், மற்றதில் பழைய பூட்லோடர் தூங்கும். ஏதோ கோளாறில் போன் அந்த இரண்டாம் அறைக்குப் போனால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆப்பிளின் வழி தனி: ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அதன் சர்வர் கையெழுத்துப் போடவேண்டும், பழைய பதிப்புக்குக் கொஞ்ச நாளில் கையெழுத்தை நிறுத்திவிடும். ஐபோன் கூடுகள் தயாராகும் டாடா ஆலை தம்பியின் ஊர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். கூடு நம்மூர், சாவி கலிஃபோர்னியா.

'பாதுகாப்புக்காக' என்று கம்பெனிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓட்டையுள்ள பழைய பதிப்பை ஏற்ற முடிந்தால், போனைத் திருடியவன் முதலில் செய்வது அதுதான். ஆனால் அப்டேட் அறிவிப்பில் 'சிறு திருத்தங்கள், மேம்பட்ட அனுபவம்' என்று எழுதிவிட்டு, என் காசில் வாங்கிய சிப்பில் எனக்குச் சொல்லாமல் கோடு போடுவதற்கு அந்த நியாயம் போதாது. இன்னொரு பக்கம் '5 நிமிஷத்தில் ரூட், 100% ஒர்க்கிங்' வீடியோக்காரர்கள். எத்தனை ஃப்யூஸ் எரிந்திருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்ன ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

தம்பிக்கு நான் சொன்ன வைத்தியம் அவருக்கு விசித்திரமாகப் பட்டது: பழையதைத் தேடாதே, இருந்ததைவிடப் புதுசை ஏற்று. சிப் அதை மறுக்காது. 9008-லேயே ஏற்றுவதற்குக் கம்பெனி கையெழுத்திட்ட கோப்பு வேண்டும் என்பதால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் போன் செய்தார், அதே போனிலிருந்து. எழுந்துவிட்டதாம். சூடு அப்படியே இருக்கிறதாம்; பேட்டரிக்கு நாலு வயது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருந்ததெல்லாம் போயிற்று. கேழ்வரகுக் காவலுக்குப் போன ராத்திரி, ராயக்கோட்டை ரோட்டை யானைகள் கடப்பதை எடுத்த வீடியோவும் சேர்ந்து.

"அதுக்கென்ன சார்," என்றார், "மார்கழியில மறுபடி வரும்."