பதினைந்து சென்டிமீட்டர் பனிக்கட்டி

குளிர் மிகுந்தால் போர்வைக்குள் முடங்குவோர் உண்டு. குளிர் போதவில்லையே என்று ஏங்குவோரும் உலகில் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? நெதர்லாந்து நாட்டின் வடபகுதியில் உள்ள பிரீஸ்லாந்து மாகாணத்து மக்கள் அத்தகையோர். ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் பிறந்ததும் அவர்கள் வெப்பமானியைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் வேண்டுவது தங்கள் ஊர்க் கால்வாய்களின் மேல் 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி. அவ்வளவுதான்! ஆனால் 1997ஆம் ஆண்டுக்குப் பிறகு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக, அது வழி முழுவதும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது.

பதினொரு நகரப் பயணம்

பிரீஸ்லாந்து தாழ்வான சமவெளி. ஏரிகளும் கால்வாய்களும் நிறைந்தது. அங்குள்ள பழமையான பதினொரு நகரங்களைக் கால்வாய்கள் இணைக்கின்றன. இவை உறைந்து இறுகும்போது, காலணியின் அடியில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டு, லீவார்டன் நகரில் புறப்பட்டுப் பதினொரு நகரங்களையும் சுற்றி மீண்டும் லீவார்டனுக்கே சறுக்கி வந்து சேர வேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இதுவே ‘எல்ஃப்ஸ்டேடன்டோக்ட்’, அதாவது பதினொரு நகரப் பயணம். விடியுமுன் இருட்டில் புறப்படுவார்கள். ஒவ்வொரு நகரிலும் கையிலுள்ள அட்டையில் முத்திரை பெற வேண்டும். நள்ளிரவுக்குள் பயணத்தை முடிப்போருக்குச் சிலுவை வடிவிலான சிறு பதக்கம் ஒன்று தருவார்கள். அந்தப் பதக்கம் குடும்பச் சொத்தைப் போலக் காக்கப்படும்.

முதல் அதிகாரபூர்வப் பயணம் 1909இல் நடந்தது. இதுவரை 15 முறை மட்டுமே நடந்திருக்கிறது. அவற்றுள் 1963ஆம் ஆண்டுப் பயணம் மறக்க முடியாதது. உறைநிலைக்கு வெகு கீழான குளிர், பனிப்புயல், வெடிப்பு விட்ட பனிக்கட்டி. போட்டியில் கலந்துகொள்ளாமல் பயணமாக மட்டும் புறப்பட்ட 9,000க்கும் மேற்பட்டோரில் 69 பேரே முடித்தனர். போட்டியில் முதலாவதாக வந்த ரைனியர் பாப்பிங் எடுத்துக்கொண்ட நேரம் 10 மணி 59 நிமிடம். 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எவர்ட் வான் பெந்தெம் என்ற பால்பண்ணை விவசாயி வென்றார். 1986இல் வேறொரு பெயரில் பதிவு செய்துகொண்டு சறுக்கிய இளைஞர் ஒருவர், அன்றைய இளவரசரும் இன்றைய மன்னருமான வில்லெம் அலெக்சாந்தர்!

நீர் உறைவது எப்படி?

நீர் 4 டிகிரி சென்டிகிரேடில் மிகுந்த அடர்த்தி உடையது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். கால்வாயின் மேற்பரப்பு குளிரும்போது, குளிர்ந்த நீர் கனமாகிக் கீழே இறங்குகிறது. அடியிலுள்ள வெப்பநீர் மேலே வருகிறது. கால்வாய் முழுவதும் 4 டிகிரியை அடையும்வரை இந்தச் சுழற்சி தொடர்கிறது. அதன் பின்னர் மேற்பரப்பு நீர் மேலும் குளிர்ந்தால் இலேசாகிறது. கீழே இறங்காமல் மேலேயே தங்கி 0 டிகிரியில் உறைகிறது.

இதில் எவ்வளவு வெப்பம் வெளியேற வேண்டும் என்று கணக்கிடுவோம். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள கால்வாயில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே 1,500 கிலோகிராம் நீர் இருக்கும். அது 10 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குளிர 9,000 கிலோகலோரி வெளியேற வேண்டும். அடுத்து, அதே பரப்பில் 15 செ.மீ. பனிக்கட்டி உண்டாக வேண்டும். அதன் நிறை ஏறத்தாழ 137 கிலோகிராம். ஒரு கிராம் நீர் உறையும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் 80 கலோரி. எனவே சுமார் 11,000 கிலோகலோரி வெளியேற வேண்டும். இலையுதிர் காலம் வெதுவெதுப்பாக இருந்து, நீர் போதிய அளவு குளிராமல் இருந்தால், பின்னர் வரும் கடுங்குளிரில் பெரும்பங்கு நீரைக் குளிர்விப்பதிலேயே செலவாகிவிடும். பனிக்கட்டி பிடிக்கும் நாள் தள்ளிப்போகும்.

தன் வளர்ச்சியைத் தானே தடுக்கும் பொருள்

முதல் படலம் பிடித்த பிறகு இன்னொரு தடை தோன்றுகிறது. அடுத்த படலம் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில்தான் உருவாக வேண்டும். அங்கே வெளிப்படும் உள்ளுறை வெப்பம், பனிக்கட்டியைக் கடந்துதான் குளிர்காற்றை அடைய முடியும். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க வெப்பம் கடக்கும் வழி நீள்கிறது; வளர்ச்சி மெதுவாகிறது. துருவப் பயணிகள் கொண்டுவந்த அளவீடுகளைக் கொண்டு இதை ஆராய்ந்தவர், வெப்பக் கதிர்வீச்சு விதியால் நீங்கள் அறிந்த அதே ஜோசப் ஸ்டீபன்தான். 1891இல் வெளியான அவருடைய கட்டுரையின் முடிவைச் சுருக்கமாகச் சொன்னால், பனிக்கட்டியின் தடிமன் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது.

ஒரு நாளின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இத்தகைய எண்களை நாள்தோறும் கூட்டிவரும் தொகையைக் ‘குளிர்த்தொகை’ என்று வைத்துக்கொள்வோம். காற்று, பனித்தூவல் முதலியவற்றால் வேறுபடும் என்றாலும், அதன் வர்க்கமூலத்தை 2ஆல் பெருக்கினால் தடிமன் சென்டிமீட்டரில் ஓரளவு சரியாகவே கிடைக்கும். உறைநிலைக்குக் கீழே 4 டிகிரி என்ற சராசரிக் குளிரில் 5 செ.மீ. பிடிக்க ஒன்றரை நாள் போதும். 10 செ.மீ. ஆக 6 நாட்களுக்குச் சற்று மேல். 15 செ.மீ. ஆக 14 நாட்கள்! கடைசி 5 செ.மீ.க்கு மட்டும் ஏறக்குறைய 8 நாட்கள் என்பதைக் கவனியுங்கள்.

5 செ.மீ.யே ஒருவரைத் தாங்குமே, 15 எதற்கு என்று கேட்கலாம். 1997இல் ஒரே நாளில் 16,000க்கும் மேற்பட்டோர் அதே பனிக்கட்டியின் மேல் சென்றார்கள். தடிமன் இருமடங்கானால் தாங்கும் திறன் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அத்தனை பேருக்கும் வழிநெடுக அந்தத் தடிமன் தேவை. பாலத்தடியிலும் நீரோட்டமுள்ள இடத்திலும் பனிக்கட்டி மெலிந்தே இருக்கும். அங்கெல்லாம் கரையேறி, கம்பளம் விரித்த தரைமேல் எஃகுத் தகட்டோடு நடந்து செல்வார்கள்.

இரண்டு டிகிரி செய்யும் வேலை

15 செ.மீ.க்குத் தேவையான குளிர்த்தொகை 56. சராசரிக் குளிர் உறைநிலைக்குக் கீழே 8 டிகிரி என்றால் 7 நாட்களில் அது சேர்ந்துவிடும். 4 டிகிரி என்றால் 14 நாட்கள். 2 டிகிரி என்றால் 28 நாட்கள். அதாவது குளிர்காலம் இரண்டு டிகிரி மட்டும் இளகினால், வேண்டிய காலம் இருமடங்காகிறது! இடையில் ஒரே ஒரு வெதுவெதுப்பான நாள் வந்து மழை பெய்தாலும் சேர்த்ததில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

நெதர்லாந்தில் நீண்ட கடுங்குளிர் எளிதில் வருவதில்லை. மேற்குக் காற்று அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பைக் கொண்டுவருகிறது. ஸ்காண்டிநேவியாவின் மேல் உயர் அழுத்தம் நிலைத்து நின்று, கிழக்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்று வீசினால்தான் கால்வாய்கள் உறையும். 2012 பிப்ரவரியில் அவ்வாறே வீசியது. நாடு முழுவதும் ஆவலோடு காத்திருந்தது. பனித்தூவல் வெப்பத்தை அரிதில் கடத்தும். எனவே பனிக்கட்டி தடிக்கட்டும் என்று மக்கள் துடைப்பத்தோடு கால்வாயில் இறங்கி அதைக் கூட்டித் தள்ளினார்கள். ஆயினும் தென்பகுதியில் தடிமன் போதவில்லை. பிப்ரவரி 8 அன்று, பயணம் இல்லை என்று அறிவித்தார்கள்.

ஓர் இளகிய குளிர்காலத்தை மட்டும் வைத்துப் புவி வெப்பமடைகிறது என்று முடிவு கட்டுவது முறையன்று. 1963க்கும் 1985க்கும் இடையிலும் 22 ஆண்டுகள் பயணம் நடக்கவில்லை. இயற்கையின் ஏற்ற இறக்கம் எப்போதும் உண்டு. ஆனால் தொகையாகப் பாருங்கள். 1909 முதல் 1963 வரை 55 ஆண்டுகளில் 12 பயணங்கள். அதன் பின் மூன்றே மூன்று. உலகின் சராசரி வெப்பநிலை 2011–2020 காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட 1.1 டிகிரி உயர்ந்திருந்தது. 1980களிலிருந்து ஐரோப்பா உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வருகிறது. வர்க்கமூலக் கணக்கை அறிந்த உங்களுக்கு, இச்சிறு எண்களின் விளைவு விளங்கும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு அகன்ற கிண்ணங்களின் பக்கங்களையும் அடியையும் தெர்மகோலால் சூழுங்கள். இரண்டிலும் சம அளவு குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். ஒன்றின் வாயைத் தாளால் மூடி, அதன்மேல் பஞ்சைத் தடிமனாகப் பரப்புங்கள். இரண்டையும் குளிர்பதனப் பெட்டியின் உறைவிப்பான் பகுதியில் வைத்து, மூன்று மணி நேரம் கழித்துப் பனிக்கட்டியை அளந்து பாருங்கள். பிரீஸ்லாந்து மக்கள் துடைப்பம் எடுத்த காரணம் புரியும்.

இன்று அந்நாட்டவர் பலர் ஆஸ்திரியாவுக்குச் செல்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலுள்ள வைசென்சே என்ற ஏரியில், 1989 முதல் 200 கிலோமீட்டர் மாற்றுப் பயணம் நடக்கிறது. தொலைவு அதேதான். ஆனால் அங்கே பதினொரு நகரங்கள் இல்லை. பாலத்தின் மேல் நின்று கைதட்டும் ஊரார் இல்லை. 1997இல் பள்ளி மாணவராக இருந்து கரையில் நின்று பார்த்தவர்கள் இன்று பெற்றோர்களாகிவிட்டார்கள். உங்கள் வயதுப் பிரீஸ்லாந்து மாணவர் எவரும் அந்தப் பயணத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சறுக்குக் காலணியின் தகட்டைத் தீட்டி வைக்கிறார்கள். குளிர்த்தொகை 56ஐ எட்டும் நாளுக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள்.