எட்டுக் கோப்பை, எழுபது வழி

கோலா தெர்லாவில் எஸ்டிபிஎம் மூன்றாம் தவணைக் கணிதத்துக்குத் தயாராகும் வாசகர் ஒருவர் ஒரு கணக்கை அனுப்பியிருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் பொட்டலத்துக்கு 250 கிராம் போட வேண்டும். திட்ட விலக்கம் 4 கிராம். சமவாய்ப்பாக எடுத்த 36 பொட்டலங்களின் சராசரி 248.5 கிராம். இயந்திரம் அளவு தப்பிவிட்டதா என்று 5 விழுக்காட்டு மட்டத்தில் சோதிக்க வேண்டும். வாசகர் ஒரு தப்பும் இல்லாமல் போட்டிருக்கிறார்: இசட் மதிப்பு −2.25, இருபுறச் சோதனையில் பி-மதிப்பு 0.024, ஆகவே இன்மைக் கருதுகோளைத் தள்ளலாம். அதோடு நிறுத்தியிருந்தால் முழு மதிப்பெண். கீழே ஒரு வரி சேர்த்துவிட்டு, அது சரியா என்று கேட்கிறார்: “எனவே இயந்திரம் அளவு தப்பியிருக்க 97.6 விழுக்காடு வாய்ப்பு உண்டு.” சரியில்லை. ஆனால் இதே வரியைப் பட்டம் பெற்ற ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள், மருந்து விளம்பரங்களும் எழுதுகின்றன. ஆகவே வாசகர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வரி எங்கே தடம் புரள்கிறது என்று பார்க்க, பொட்டலத்தை விட்டுவிட்டுத் தேநீருக்கே போய்விடலாம். பாடநூல் கணக்குகள் மிகவும் சுத்தமாக இருக்கின்றன. “சமவாய்ப்பாக” என்ற ஒரே சொல்லில் விஷயத்தின் உயிரை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, மீதியைச் சூத்திரமாக நீட்டுகின்றன. மாணவர் கற்றுக்கொள்வது கழித்தல், வகுத்தல், அட்டவணை பார்த்தல். அந்த 36 பொட்டலங்கள் எப்படி மேசைக்கு வந்தன என்று யாரும் கேட்பதில்லை. காலையில் இயந்திரம் சூடாவதற்கு முன் விழுந்த முதல் 36 என்றால்? கணக்கில் ஓர் எண்கூட மாறாது, விடை மட்டும் குப்பைக்குப் போகும்.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், 1920களின் தொடக்கத்தில், முரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர், கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா தேநீரை ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிட முடியும் என்றார். அங்கே புள்ளியியலாளராக இருந்த ரொனால்ட் ஃபிஷர் அதை நம்பவில்லை. பின்னாளில் 1935இல் வெளியான பரிசோதனை வடிவமைப்பு பற்றிய தம் நூலில், பெயர் சொல்லாமல், இந்தக் கதையையே இரண்டாம் அத்தியாயமாக வைத்தார். எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் குலுக்கிப்போட்டு நீட்ட வேண்டும். நான்கு நான்கு என்பது சுவைப்பவருக்கும் தெரியும். எவை என்பதுதான் தெரியாது. எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். நாக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று வைத்துக்கொண்டால், எழுபதும் சம வாய்ப்புள்ளவை; அவற்றில் ஒன்றே ஒன்றுதான் முழுக்கச் சரி. ஆகவே குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70இல் ஒன்று, அதாவது 1.4 விழுக்காடு. பி-மதிப்பு என்பது இவ்வளவுதான். மணிவளைகோடு இல்லை, அட்டவணை இல்லை, திட்ட விலக்கம் இல்லை. விரல் விட்டு எண்ணலாம்.

இந்த எழுபது எங்கிருந்து வந்தது? இங்கேதான் விஷயம் சுவைக்கிறது. அது பிரிஸ்டலின் நாக்கிலிருந்து வரவில்லை. தேயிலையின் வேதியியலிலிருந்தும் வரவில்லை. பாலின் புரதம் சூட்டில் எப்படித் திரியும் என்பதைப் பற்றி நமக்கு ஒரு மண்ணும் தெரியாவிட்டாலும் எழுபது எழுபதுதான். கோப்பைகளை நாம் குலுக்கினோம் என்பதிலிருந்து மட்டுமே அது வந்தது. கோப்பையின் தடிமன், சூடு ஆறிய அளவு, சர்க்கரை ஒரு சிட்டிகை கூடியது என்று நாம் கவனிக்காமல் விட்ட ஆயிரம் வேறுபாடுகளையும் அந்தக் குலுக்கல் இரு தரப்புக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டுவிடுகிறது. இயற்கையில் தற்செயல் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. தற்செயலை நாமே தயாரித்து உள்ளே வைக்கிறோம், அதன் அளவு நமக்குத் தெரியும். குலுக்காமல், முதலில் நான்கு பால், பிறகு நான்கு தேநீர் என்று வரிசையாக நீட்டியிருந்தால், 1.4 விழுக்காடு என்று எழுத நமக்கு எந்த உரிமையும் இல்லை.

நம் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பதை இதற்கு இணையாக வைக்கலாம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனித் தாளில் மடித்துச் சாமி முன் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். பரிசோதனை வடிவமைப்பின் பாதி இலக்கணம் அதில் இருக்கிறது. பொட்டலங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும், கசங்கல்கூட வேறுபடக் கூடாது. எடுக்கும் குழந்தைக்கு எது எது என்று தெரியக் கூடாது. மடித்தவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கண் காட்டக் கூடாது. வெள்ளை வந்தால் சம்மதம் என்று எடுப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். சிவப்பு வந்தபின் “சிவப்புதானே மங்கலம்” என்று மாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிக்காத பூ வந்ததும் “இன்னொரு தடவை” என்று கேட்கக் கூடாது. மூன்று தடவை எடுத்தால், ஒரு தடவையாவது வெள்ளை வர வாய்ப்பு எட்டில் ஏழு. ஆய்வுக் கட்டுரைகளில் நடக்கும் மோசடியில் ஒரு பகுதி இந்தக் கடைசி வகைதான்: பயனே இல்லாத மருந்தை 14 வெவ்வேறு நோய்க்குறிகளில் தனித்தனியாகச் சோதித்தால், ஒன்றிலாவது 5 விழுக்காட்டு வேலியைத் தாண்டிவிட வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். தாண்டிய ஒன்றை மட்டும் செய்தியாளர் கூட்டத்தில் காட்டுவார்கள். ஒரே ஒரு வேறுபாடு உண்டு, ஒப்புமை அங்கே முறிகிறது. கோயிலில் வரும் பூவைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்கிறோம். சோதனையிலோ, குலுக்கல் மட்டுமே இருந்தால் இப்படியொரு முடிவு வருவது எவ்வளவு அரிது என்று பார்க்கிறோம்.

வாசகரின் வரிக்கு இப்போது வரலாம். 1.4 விழுக்காடு என்பது, நாக்குக்கு ஒன்றும் தெரியாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்து, அதற்குள் நின்று போட்ட கணக்கு. அந்த உலகம் பொய்யாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அதற்குள்ளிருந்தே எப்படிச் சொல்வது? எண்களாகவே பார்ப்போம். 1000 பேர் வந்து தங்களுக்குத் தெரியும் என்கிறார்கள். உண்மையில் 10 பேருக்குத்தான் அந்த நாக்கு இருக்கிறது, அவர்கள் தவறவே மாட்டார்கள் என்று வைப்போம். மீதி 990 பேரில் எழுபதில் ஒருவர் வீதம் சுமார் 14 பேர் குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆக வென்றவர்கள் 24 பேர், அவர்களில் உண்மையானவர்கள் 10. பி-மதிப்பு 1.4 விழுக்காடாக இருந்தும், வென்ற ஒருவர் உண்மையான நிபுணராக இருக்க வாய்ப்பு 42 விழுக்காடுதான். ஆயிரத்தில் 500 பேருக்கு அந்த நாக்கு இருந்தால், அதே சோதனை, அதே பி-மதிப்பு, ஆனால் விடை 98 விழுக்காட்டுக்கும் மேல். பொட்டல இயந்திரத்துக்கும் இதுவே. அந்த வகை இயந்திரங்கள் எவ்வளவு அடிக்கடி அளவு தப்புகின்றன என்பது தெரியாமல் 97.6 என்று எழுத வழியில்லை; கேள்வித்தாளிலோ அந்தத் தகவல் இல்லை.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 5 விழுக்காடு என்ற வேலியை ஃபிஷர் தம் 1925 நூலில் ஒரு வசதிக்காகச் சொன்னார். அது வேதவாக்கானது பிற்காலத்தவரின் சோம்பலால். மாற்றுக் கருதுகோள், இரண்டு வகைப் பிழை, சோதனையின் திறன் ஆகியவை 1933இல் ஜெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும் சேர்த்தவை. ஃபிஷருக்கு அது பிடிக்கவில்லை, சாகும்வரை சண்டை. இன்று பாடநூலில் இருப்பது இரு தரப்புச் சமையலையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறியது. மாணவர்களின் குழப்பத்தில் ஒரு பங்கு இந்தக் கிளறலால் வந்தது. பி-மதிப்பை எப்படியெல்லாம் தப்பாகப் படிக்கக் கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

கோப்பைகளைக் குலுக்கலாம், மலையைக் குலுக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோலா தெர்லாவைச் சுற்றியுள்ள சரிவுகளில் நடப்பவருக்குத் தெரியும்: மழை மேல்மண்ணை வாரிக் கீழே சேர்க்கும், கீழ் நிரைகளில் ஈரம் நிற்கும், பாதையோரச் செடிக்கு வெயில் கூடும். உரமே போடாவிட்டாலும் இரண்டு பாத்திகள் ஒரே எடைக் கொழுந்து தராது. மேலே உரம் போட்டு, கீழே போடாமல் விட்டு ஒப்பிட்டால், உரத்தையா ஒப்பிடுகிறோம், சரிவையா? ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் இந்த மலைகளில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய அதே காலத்தில், இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் டி. ஈடன் என்பவர் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ராத்தம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு வேலை செய்துவிட்டுப் போனவர். எந்த உரமும் வேறுபடுத்தாமல், வெறுமனே பாத்தி பாத்தியாகக் கொழுந்தை நிறுத்து, தேயிலைச் சோதனைகளில் பிழை எவ்வளவு என்று 1931இல் கட்டுரையாக எழுதினார். அவர் தந்த 16 பாத்திகளின் விளைச்சல் எண்களைத்தான் ஃபிஷர் தம் 1925 நூலின் அடுத்த பதிப்பில், முந்தைய விளைச்சலின் பாதிப்பைக் கழித்துப் பார்க்கும் முறைக்கு உதாரணமாக வைத்தார். அந்தக் கொழுந்தைப் பறித்த கைகள் யாருடையவை என்பதை மலையகத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூலில் அவர்கள் இல்லை.

மலைக்கான விடை, மலையைக் குலுக்குவதல்ல, உரத்தைக் குலுக்குவது. ஒரே உயரத்தில் அருகருகே இருக்கும் பாத்திகளை ஒரு தொகுதியாகக் கட்டி, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தால், சரிவின் பாரபட்சம் தொகுதியோடு கழிந்துவிடும், மிச்சமிருப்பது குலுக்கலின் கணக்கு. “செடிகளின் விளைச்சல் மணிவளைகோட்டில் அடங்குமா, அடங்காவிட்டால் சூத்திரம் பொய்யாகாதா?” என்ற ஆட்சேபம் அப்போதே வந்தது. ஈடனும் ஃபிராங்க் யேட்ஸும் 1933இல் அதற்கு வாய்ப்பேச்சால் பதில் சொல்லவில்லை. மணிவளைகோட்டுக்கு ஒத்துவராத கோதுமை உயர அளவுகளை எடுத்து, போடாத உரங்களைப் போட்டதாகக் கற்பித்து, 1000 தடவை குலுக்கிப் பார்த்தார்கள். கிடைத்த பரவல் ஃபிஷரின் சூத்திரம் சொன்னதோடு நன்றாகவே ஒத்துப்போனது. கணினி இல்லாத காலத்தில் ஆயிரம் குலுக்கல்! அட்டவணையில் நாம் பார்க்கும் எண்கள் அந்த உழைப்புக்கான குறுக்குவழிதான்.

குலுக்கவே முடியாத இடங்களில் என்ன செய்வது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். பாதிப் பேரைச் சீட்டுப் போட்டுப் புகைபிடிக்க வைக்க முடியாது. ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950களில் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டியபோது, ஃபிஷர் எதிர்த்தார்: குலுக்கல் இல்லை, புகைக்கத் தூண்டும் பரம்பரைக் கூறே புற்றுநோயையும் தரலாம் என்றார். அவரே பைப் புகைப்பவர், புகையிலை நிறுவனங்களின் அமைப்புக்கு ஆலோசகரும்கூட. அவர் தோற்றார், தோற்றது நல்லதே. ஆனால் அவரைத் தோற்கடித்தது ஒரு சின்ன பி-மதிப்பு அல்ல. புகைக்கும் அளவு கூடக் கூட நோய் கூடியது, விட்டவர்களிடம் குறைந்தது, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு முறையில் பார்த்தவர்களுக்கும் அதுவே கிடைத்தது. குலுக்கல் இல்லாத இடத்தில் அறிவு சாத்தியம்தான்; ஆனால் அங்கே பாரம் தாங்குவது இப்படிப்பட்ட பல சான்றுகள் சேர்ந்துதான். பச்சைத் தேநீர் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஞாயிறு மலரில் வந்தால், குடிப்பவரும் குடிக்காதவரும் சீட்டுப் போட்டுப் பிரிக்கப்பட்டவர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், “புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது” என்ற அலங்காரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மற்றச் சான்றுகளைத் தேடலாம்.

கோப்பைகளுக்கே திரும்புவோம். எட்டில் இரண்டு கோப்பை மட்டும் மாறிப்போனால் பிரிஸ்டலுக்குத் தெரியாது என்றாகிவிடுமா? ஆகாது. ஒரு பால் கோப்பையும் ஒரு தேநீர்க் கோப்பையும் இடம் மாற 16 வழிகள். முழுச் சரியையும் சேர்த்தால் 70இல் 17, அதாவது 24 விழுக்காடு. குருட்டாம்போக்கிலேயே நான்கில் ஒருவர் அவ்வளவு செய்துவிடுவார், எனவே எதையும் தள்ள முடியாது. தள்ள முடியவில்லை என்பதால் இன்மைக் கருதுகோள் மெய்யாகிவிடவில்லை. வலையின் கண் பெரிது, அவ்வளவுதான். ஆறு கோப்பை வைத்தால் 20இல் ஒன்று, முழுக்கச் சரியாகச் சொன்னாலும் சரியாக 5 விழுக்காட்டில் போய் நிற்கும். பன்னிரண்டு வைத்தால் 924 வழிகள். இப்போது ஒரு சோடி மாறினாலும் 37 வழிகள், 4 விழுக்காடு, மன்னிக்கலாம். வாசகர் தம் வகுப்பில் இதைச் செய்து பார்க்க விரும்பினால் பன்னிரண்டே வைக்கட்டும். மாமாக் கடைத் தே தாரிக்கில் மட்டும் செய்ய வேண்டாம். டின் பால் அடியில் படியும், அதைக் கலக்கவும் ஆற்றவும் எடுக்கும் நேரம் வரிசைக்கு வரிசை வேறுபடும், கோப்பையின் சூடு உதட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும். சாதாரணப் பால், ஒரே மாதிரிக் கோப்பை, ஊற்றியவர் வேறொருவர், நீட்டுபவர் வேறொருவர். சீட்டுகளை மட்டும் நன்றாகக் குலுக்குங்கள்.