மருந்து கண்டுபிடிக்காத மருந்து விஞ்ஞானி

ராயகிரியில் உங்களைப் போன்ற ஒருவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் நம் பக்கத்தில் இது அதிசயமல்ல. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்கிறார். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்க, மாத்திரை அட்டை ஒன்று கிடைக்கிறது. அந்த அட்டையைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வழங்குவது, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். கவர்ச்சியான பெயர் ஏதும் இராது. பாரசிட்டமால் என்ற பொதுப்பெயர்தான் முன்னே நிற்கும்.

இந்த அட்டை மலையடிவாரத்து ஊர்வரை எப்படி வந்து சேர்ந்தது? எந்தெந்த மருந்துகளை வாங்குவது, யாரிடம் வாங்குவது, என்ன விலைக்கு, கிடங்கில் தீர்ந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இக்கேள்விகளையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ளும் அறிஞர்கள் உண்டு. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள மருந்து ஏன் ஏழைக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். மருந்துக் கொள்கை ஆராய்ச்சி என்பது இத்துறையின் பெயர்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் நமக்கு மிக அருகில், இலங்கையில் வாழ்ந்தார். அவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1920-இல் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, இலங்கையின் முதல் மருந்தியல் பேராசிரியர் ஆனார். அப்போது அந்தச் சின்னஞ்சிறு தீவில் ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில், பல விலைகளில் இறக்குமதியாகிக்கொண்டிருந்தது. பெயர் வேறு, பெட்டி வேறு, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றே! இதற்காக நாடு அரிய அந்நியச் செலாவணியை இழந்தது.

பிபிலே என்ன செய்தார்? முதலில் கணக்கெடுத்தார். டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அரசுக்கு அறிக்கை தந்தார். 1971-இல் அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் அமைந்தது. அவரே அதன் முதல் தலைவர். ஆயிரக்கணக்கில் இருந்த மருந்துப் பட்டியலைச் சுமார் 600 ஆகக் குறைத்தார்கள். உலகெங்கும் டெண்டர் கேட்டு, நாடு முழுமைக்கும் மொத்தமாக வாங்கினார்கள். முன்பு கொடுத்த விலையில் பாதிகூட இல்லாமல் கிடைத்த மருந்துகளும் உண்டு. பெரிய நிறுவனங்கள் இதை வரவேற்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? பிபிலே பின்னர் ஐக்கிய நாடுகள் சபைக்காகப் பிற நாடுகளுக்கும் வழிகாட்டச் சென்றார். 1977-இல் தென் அமெரிக்காவின் கயானாவில் காலமானார். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

தமிழகத்தில் 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் ஏறக்குறைய இவ்வழியில் நடப்பதே. வந்த மருந்தில் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, ஆய்வகத்திற்கு அனுப்புகிறார்கள். தேர்வுத் தாளில் உங்கள் பெயருக்குப் பதில் எண் போடுவதில்லையா, அதைப்போல!

விலை அதிகமா, குறைவா என்பதை அளப்பது எப்படி? நூறு ரூபாய் ஒருவருக்குச் சிறிது, மற்றொருவருக்குப் பெரிது. ஆகவே 2003-இல் வெளியான ஒரு முறையில் ரூபாயை விட்டுவிட்டு நாள் கூலியால் அளந்தார்கள். அரசின் மிகக் குறைந்த சம்பளக்காரர் ஒரு மாத மருந்துக்கு எத்தனை நாள் உழைக்க வேண்டும்? கூலி 500 ரூபாய், மருந்து 1000 ரூபாய் என்றால் இரண்டு நாள். இம்முறையில் சென்னை உள்ளிட்ட ஆறு இடங்களில் நடந்த ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. அரசு மலிவாகவே வாங்குகிறது, ஆனால் அரசு மருத்துவமனைகளில் பல மருந்துகள் இருப்பில் இல்லை என்று அது காட்டியது. இல்லாத மருந்து மலிவாக இருந்து யாருக்கு லாபம்?

இத்துறைக்கு வர ஒரே வாசல் என்பதில்லை. மருந்தாளுமை, மருத்துவம் படித்தவரும் வரலாம். பொருளாதாரம், புள்ளியியல், சட்டம் படித்தவரும் வரலாம். கணக்கைக் கண்டு ஓடுபவருக்கு மட்டும் கொஞ்சம் சிரமம். பட்டத்திற்குப் பின் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை, அதன்பின் ஆராய்ச்சிப் பட்டம். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் திருவனந்தபுரம். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு 1997-இல் தொடங்கியது.

அதுவரை காத்திருப்பானேன்? வீட்டில் தாத்தாவோ பாட்டியோ சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? அட்டையில் உள்ள பொதுப்பெயர், மாத்திரையின் அளவு, விலை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே பொதுப்பெயரும் அளவும் கொண்ட வேறு மாத்திரைகளின் விலையை மருந்துக் கடையில் கேளுங்கள். உங்கள் ஊரில் வயல் வேலைக்கு நாள் கூலி என்னவென்று விசாரித்து, ஒரு மாதச் செலவை அதனால் வகுத்துப் பாருங்கள். விலை குறைவு என்று கண்டதும் டாக்டரைக் கேளாமல் தாத்தாவின் மாத்திரையை மாற்றிவிடாதீர்கள்!