கோஷியனில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ ஒசாகா பக்கம் போய்த் தங்கியிருப்பவர்கள் ஒரு தடவையாவது கோஷியன் மைதானத்துக்குப் போய் பேஸ்பால் பார்த்துவிட வேண்டும். ஜப்பானிய மொழியும் தெரியாது, ஆட்டமும் தெரியாது என்று தயங்க வேண்டியதில்லை. அங்கே ஆட்டத்தைப் புரியவைப்பதே ரசிகர்கள் எழுப்பும் சத்தம்தான்.

ஒசாகா உமேதாவிலிருந்து ஹன்ஷின் ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் கோஷியன் வந்துவிடும். மைதானம் 1924இல் திறந்தது. ஹன்ஷின் டைகர்ஸ் அணியின் சொந்த மைதானம் இதுதான். உள்வட்டத்தில் புல் கிடையாது, முழுக்கக் கறுப்பு மண்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு அடிப்படை சீக்கிரம் பிடிபடும். மொத்தம் 9 இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒருமுறை பேட் செய்யும். 3 பேர் அவுட்டானால் மாற்றம். பேட்ஸ்மேனுக்கு 3 ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். சரியான இடத்துக்கு வராத 4 பந்துகளை அடிக்காமல் விட்டால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். மூன்று பேஸையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். சமமாக இருந்தால் 12ஆவது இன்னிங்ஸ் வரை போகும். அப்போதும் முடிவு வராவிட்டால் டிராதான். போதும், மீதி பார்க்கப் பார்க்கத் தெரிந்துவிடும்.

எந்த டிக்கெட் வாங்குவது? நான் சொல்வது வலதுபக்க அவுட்ஃபீல்டு கேலரி. ஆட்டம் தூரத்தில்தான் தெரியும், ஆனால் டைகர்ஸ் ரசிகர் படை உட்காருவது அங்கேதான். தங்கள் அணி பேட் செய்யும்போது மட்டும்தான் அவர்கள் எழுந்து முழங்குவார்கள். டிரம், டிரம்பெட், கைகளில் தட்டிக்கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் மட்டைகள். முக்கியமான வீரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. பாட்டு முடிந்ததும் "கட்டோபாசே!" என்று கத்தி வீரரின் பெயரைச் சொல்வார்கள், ஓங்கி அடி என்று அர்த்தம். இரண்டாவது தடவை அந்த வீரர் வரும்போது நீங்களும் சேர்ந்து கத்திக்கொண்டிருப்பீர்கள். எதிரணி பேட் செய்யும்போது இந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும். இடதுபக்க மூலையிலிருந்து அவர்களுடைய பாட்டு கேட்கும். யார் ஆடுகிறார்கள் என்று ஸ்கோர்போர்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இந்தக் கேலரிக்கு எதிரணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள், அனுமதி கிடையாது.

கேலரிப் படிகளில் முதுகில் பீர் பீப்பாயைச் சுமந்தபடி இளம்பெண்கள் ஏறி இறங்குவார்கள். பத்துப் பதினைந்து கிலோ பாரம். கையைத் தூக்கினால் போதும், பக்கத்தில் வந்து முட்டி போட்டு, யாருக்கும் மறைக்காமல் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பார்கள். கேனும் கண்ணாடிப் பாட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டில் பேர்போனது கோஷியன் கறி சோறு. மைதானம் திறந்த காலத்திலிருந்தே விற்கிறார்கள். அதில் இறைச்சி இருக்கும், சைவக்காரர்கள் வேகவைத்த பச்சை சோயா வாங்கிக் கொறிக்கலாம். விசில் சத்தம் கேட்டால் உடனே தலையைத் தூக்கிப் பாருங்கள். கேலரிக்குப் பந்து வருகிறது என்று ஊழியர்கள் ஊதும் எச்சரிக்கை அது.

ஆகஸ்டில் சில வாரங்கள் டைகர்ஸ் இங்கே இருக்காது. அந்த வாரங்களில் மைதானம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தம். நாடு முழுக்கத் தகுதிச் சுற்றில் ஜெயித்த 49 பள்ளிகள் கோடைப் போட்டிக்கு வரும். ஒரு தோல்வி என்றாலும் வெளியே. தோற்ற பையன்கள் அழுதுகொண்டே அந்தக் கறுப்பு மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போவார்கள். என்னைக் கேட்டால், டைகர்ஸ் ஆட்டத்தைவிட இதுதான் மேல். தங்கள் வீட்டையே பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு தொழில்முறை அணி வெளியே போய் ஆடுகிறது என்பதே ஜப்பானில் இந்த ஆட்டத்துக்கு உள்ள இடத்தைச் சொல்லிவிடும். தொப்பி, தண்ணீர், துண்டு மூன்றும் கட்டாயம். வெயில் நம் ஊர் மே மாதத்துக்குக் குறைந்ததல்ல.

ஆட்டம் முடிந்ததும் அத்தனை கூட்டமும் ஒரே ஸ்டேஷனுக்குத்தான் நடக்கும். திரும்பிப் போகும் கட்டணத்தை வந்து இறங்கியதுமே ரயில் அட்டையில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.